மகளை டிசைன் படிக்க விடலாமா என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். மகள் பிளஸ் டூவில் 600க்கு 412 வாங்கியிருக்கிறாள், நர்சிங் வேண்டாம், என்ஜினியரிங்கும் வேண்டாம், சமுதாயக் கல்லூரியில் கிராஃபிக் டிசைனும் டிஜிட்டல் ஆர்ட்டும் ஒரு வருடம் படிக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள், சவூதியில் இருக்கும் அவள் அப்பா போனிலேயே சத்தம் போடுகிறார், போதாததற்கு "ஃபிளக்ஸ் அடிக்கவா பிள்ளையைப் பன்னிரண்டு வருஷம் படிக்க வைத்தீங்க" என்று உங்கள் அண்ணன் கேட்டுவிட்டார். நம் குமரி மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ், தெருவுக்கு பத்து என்ஜினியர் என்று பழகிவிட்ட ஜனங்களுக்கு வேறு எதைச் சொன்னாலும் முதலில் பயம்தான் வரும். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

என் பதில், விடலாம். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தக் கல்லூரிக்கு மகளோடு நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். அப்புறம், இந்த ஒரு வருடப் படிப்போடு ஒரு பட்டப்படிப்பையும் சேர்த்துப் போடுங்கள். பட்டப்படிப்பு விஷயத்தை முதலில் சொல்கிறேன், அவள் அப்பாவின் கோபத்துக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

மகள் இணையத்தில் பார்த்த வீடியோக்கள் பெரும்பாலும் அமெரிக்காவைப் பற்றியவையாக இருக்கும். அங்கே கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் படித்து அசோசியேட் டிகிரி வாங்கி, அந்த கிரெடிட்டுகளோடு, அதாவது முடித்த பாடங்களுக்குக் கிடைத்த புள்ளிகளோடு, போய் ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடத்தில் சேரலாம். செலவு குறைகிறது என்பதற்காகவே நிறையப் பேர் அப்படிப் படிக்கிறார்கள். நம் ஊர் சமுதாயக் கல்லூரி அது இல்லை. இங்கே அது 1990களின் நடுவில் புதுச்சேரியிலும் சென்னையிலும் தொடங்கியது, மேலே படிக்க முடியாமல் நின்றுவிட்ட பிள்ளைகளின் கையில் ஒரு தொழிலைக் கொடுப்பதற்காக. பிறகு 2013 வாக்கில் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, இதையே ஒரு திட்டமாக்கி, கல்லூரிகளுக்குள்ளேயே நடத்தலாம் என்று கொண்டுவந்தது. அந்த முறை வந்தபோது ஆறு மாதத்துக்கு 30 கிரெடிட், சான்றிதழ். ஒரு வருடத்துக்கு 60 கிரெடிட், டிப்ளமோ. பாடத்தில் 60 சதவீதம் தொழில், 40 சதவீதம் பொதுக் கல்வி. இதன் அண்ணன் மாதிரி பி.வொக் என்று ஒரு தொழிற்கல்விப் பட்டம் இருக்கிறது, அது வந்தபோது வைத்த முறைப்படி முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளமோ, இரண்டாம் வருடத்தோடு நின்றால் அட்வான்ஸ்டு டிப்ளமோ, மூன்றையும் முடித்தால் பட்டம்.

அதனால் கல்லூரி அலுவலகத்தில் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, சான்றிதழில் யார் பெயர் இருக்கும், பல்கலைக்கழகமா, கல்லூரியா, வெறும் ஒரு டிரஸ்டா? அடுத்து, இந்த கிரெடிட் மாணவியின் அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் (கிரெடிட்டுகளைச் சேர்த்து வைக்கும் இணையக் கணக்கு) கணக்கில் ஏறுமா? ஏறும் என்றால் பின்னால் பி.வொக்கிலோ வேறு எதிலோ சேரும்போது பேசிப் பார்க்க ஒரு ஆதாரம் கையில் இருக்கும். ஏறாது என்றாலும் படிப்பு கெட்டது என்று அர்த்தமில்லை, அதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும், அவ்வளவுதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் இந்தப் படிப்புக்கும் கிடைக்குமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள், அது அவளுக்கு உரிய பணம்.

சரி, பட்டம் எதற்கு? நாளைக்கு அவள் குரூப் 2 எழுதலாம் என்று நினைத்தாலோ, வங்கி வேலைக்கு விண்ணப்பித்தாலோ, வெளிநாட்டில் விசாவுக்குப் படிப்புச் சான்று கேட்டாலோ, ஒரு வருட டிப்ளமோ அங்கே பட்டமாக நிற்காது. 2022லிருந்து ஒரே நேரத்தில் இரண்டு படிப்பு படிக்க யுஜிசி அனுமதித்திருக்கிறது, ஒன்று நேரில் போய், இன்னொன்று தொலைநிலையில். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ ஒரு பி.ஏ. அல்லது பி.காம். போட்டுவிடுங்கள். சேரும் வருடத்தில் அந்தப் படிப்பு யுஜிசி அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பகலில் டிசைன், வாரக் கடைசியில் பாடப் புத்தகம். சுமைதான், ஆனால் பதினெட்டு வயதில் தாங்கக்கூடிய சுமை.

இதோடு இன்னொரு விஷயம், இதைப் பலரும் தெரியாமல் தவறவிடுகிறார்கள். ஐஐடிகளில் பி.டெஸ். என்று நான்கு வருட டிசைன் பட்டம் இருக்கிறது, மும்பையில், குவாஹாத்தியில், ஹைதராபாத்தில் எல்லாம். அதற்கான நுழைவுத் தேர்வு யூசீட். பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்தவர்களும் எழுதலாம். ஆனால் பிளஸ் டூ முடித்த வருடத்தையும் அதற்கு அடுத்த வருடத்தையும் விட்டால் அப்புறம் எழுத முடியாது. உங்கள் மகளுக்கு வரும் ஜனவரி கடைசி வாய்ப்பு. கிடைக்கும் என்று நான் ஆசை காட்டவில்லை, கடினமான தேர்வுதான். இருந்தாலும் அந்தக் கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்த்தாலே பிள்ளையின் கண்ணும் கையும் கூர்மையாகும். சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கிற அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பி.எஃப்.ஏ. நான்கு வருடம், கட்டணம் குறைவு. இந்த ஒரு வருடம் முடிந்த பிறகு அவளுக்கே அங்கே போக வேண்டும் என்று தோன்றலாம். தோன்றினால் தடுக்காதீர்கள்.

இனி உங்கள் அண்ணன் கேட்ட ஃபிளக்ஸ் கேள்விக்கு வருகிறேன். அவர் மேல் கோபமில்லை, டிசைன் என்றால் நாலு கலர் பூசி, ஓரத்தில் பூ வைத்து அழகுபடுத்துவது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறார்கள். அவரைக் கன்னியாகுமரிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் வள்ளுவர் சிலையைக் காட்டுங்கள். மொத்தம் 133 அடி, குறளின் 133 அதிகாரங்களுக்கு. அதில் பீடம் 38 அடி, அறத்துப்பால் 38 அதிகாரம். அதன் மேல் நிற்கும் சிலை 95 அடி, பொருட்பாலின் 70 அதிகாரமும் இன்பத்துப்பாலின் 25ம் சேர்ந்து 95. அறத்தின் மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்ற கருத்தை ஒரு வார்த்தைகூட எழுதாமல் அளவிலேயே சொல்லிவிட்டார் கணபதி ஸ்தபதி. டிசைன் என்பது இதுதான், ஒவ்வொரு அளவுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். ஃபிளக்ஸோ, மாத்திரை அட்டையோ, செல்போன் ஆப்போ, எதுவானாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கும், மென்பொருளின் பட்டன்களை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கும் சம்பளத்தில் உள்ள வித்தியாசம் முதல் வருடத்தில் தெரியாது, மூன்றாம் வருடத்தில் நன்றாகத் தெரியும்.

பட்டன் மனப்பாடம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பையனை அவன் அப்பா என்னிடம் கூட்டி வந்தார். நகை அடகு வைத்து ஒரு தனியார் மையத்தில் சேர்த்திருக்கிறார், நூறு சதவீதம் வேலை உறுதி என்று அவர்கள் சொன்னதை நம்பி. படிப்பு முடிந்து எட்டு மாதம், வேலை இல்லை. நீ செய்த வேலையைக் காட்டுப்பா என்றேன். லேப்டாப்பைத் திறந்தான், இருபது போஸ்டர் இருந்தது, ஒரு காபிக் கடை, ஒரு ஷூ, ஒரு பர்கர், எல்லாம் ஆங்கிலத்தில். பார்க்கக் குறையில்லை. ஆனால் ஒன்றுகூட அவன் யோசித்ததில்லை, வகுப்பில் முப்பது பேரும் ஒரே மாதிரியைப் பார்த்து அப்படியே செய்தவை. இன்டர்வியூவில் அந்த பர்கரை ஏன் இடது பக்கம் வைத்தாய் என்று கேட்டபோது அவனால் பதில் சொல்ல முடியவில்லை, அங்கேயே முடிந்துவிட்டது. திறமை இல்லாத பையன் இல்லை அவன். வடசேரியில் ஒரு பிரஸ்ஸில் மூன்று மாதம் உட்கார்ந்து நோட்டீஸ் வேலை பார், உன் ஊர்க் கோயில் கொடைக்கு நீயே யோசித்து ஒரு அழைப்பிதழ் செய், உன் அம்மா வாங்கும் தேன் பாட்டிலுக்கு லேபிளைத் திருத்திச் செய் என்று அனுப்பினேன். ஆறு வேலை சேர்ந்ததும் அந்த ஆறை மட்டும் ஒரு பிடிஎஃப் ஆக்கி அனுப்பினான். திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்தது. அவன் அப்பா அடகு வைத்த நகையை மீட்க இரண்டு வருடம் ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும், அந்தப் பணம் போகாமலே அந்தப் பையனுக்கு இந்த வேலை கிடைத்திருக்கும் என்பதுதான் என் மனதை இன்றைக்கும் வருத்துகிறது.

அதனால் கல்லூரிக்குப் போகும்போது கட்டிடத்தையோ ஏசி ஆய்வகத்தையோ பார்த்து மயங்காதீர்கள். போன வருடம் முடித்த பிள்ளைகள் செய்த வேலைகளைக் காட்டச் சொல்லுங்கள். பத்துப் பேர் வேலையும் ஒரே அச்சாக இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். ஒவ்வொருத்தர் வேலையிலும் அவரவர் கை தெரிந்தால், சில வேலை சுமாராக இருந்தாலும், அங்கே சொல்லித்தருகிறவர் நல்லவர். அந்த ஆசிரியர் தானே செய்த வேலை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பென்சிலும் காகிதமும் வைத்து வரையச் சொல்லித்தருகிறார்களா, முதல் நாளே கணினி முன்னால் உட்கார வைத்துவிடுகிறார்களா? வரைதல் இல்லாத டிஜிட்டல் ஆர்ட் வகுப்பு தண்ணீர் இல்லாத நீச்சல் குளம். பிரஸ்ஸுக்குக் கூட்டிப் போவார்களா, இரண்டு மாதமாவது வெளியே பயிற்சிக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள்.

அங்கே படிக்கும் ஒரு மாணவியைத் தனியாகப் பிடித்து, "மக்ளே, அச்சுக்குப் போற ஃபைலை எப்படி அனுப்புவே?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். நிறத்தை அச்சு மைக்கான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றணும், படத்தின் நுணுக்கம் 300 டிபிஐ இருக்கணும், வெட்டுவதற்கு நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதல் விடணும், ஃபான்ட் மாறிப்போகாமல் இருக்க எழுத்தைக் கோட்டு வடிவமாக்கி, அதாவது கர்வ் பண்ணிக் கொடுக்கணும் என்று அந்தப் பிள்ளை தட்டாமல் சொன்னால் அங்கே பாடம் நடக்கிறது. திரையில் பளபளக்கும் நீலம் காகிதத்தில் ஏன் மங்கிப் போகிறது என்று தெரியாமல் வெளியே வரும் பிள்ளைகள் முதல் வேலையிலேயே முதலாளியின் ஆயிரம் காப்பியை வீணாக்கிவிட்டு அழுதுகொண்டு நிற்கிறார்கள்.

இப்போது நான் மிகவும் முக்கியமாக நினைப்பது. இதை மகளிடம் வாசித்துக் காட்டுங்கள். தமிழ் எழுத்தைக் கையாளக் கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் அழகாக ஒரு போஸ்டர் செய்ய இன்று கேன்வா மாதிரி ஒரு ஆப் இருந்தால் யாராலும் முடியும். தமிழில் ஒரு பக்கத்தைப் படிக்கிற மாதிரி அடுக்க முடிந்தவர்கள் குறைவு. நம் எழுத்தில் கி, கீ என்று மேலே சுழி ஏறும், கு, கூ என்று கீழே வால் இறங்கும், ஆங்கிலத்துக்கு விடுகிற வரி இடைவெளியை விட்டால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் தலையும் இடித்துக்கொள்ளும். ஒரே வார்த்தை தமிழில் நீளம் அதிகம், ஆப்பில் இருக்கும் பொத்தானுக்குள் அடங்காது. போட்டோஷாப்பிலும் இன்டிசைனிலும் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பை மாற்றாமல் தட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அதைக் கவனிக்காமலே அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பிரஸ்களில் இன்னும் பாமினி மாதிரிப் பழைய முறை ஃபான்ட் ஓடுகிறது, போனில் வருவது எல்லாம் எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு முறை, இரண்டுக்கும் நடுவில் மாற்றத் தெரிய வேண்டும், மாற்றிய பிறகு பிழை பார்க்கவும் தெரிய வேண்டும். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதத் தெரிந்த டிசைனரை எந்தப் பத்திரிகையும் பதிப்பகமும் விடாது. பிளஸ் டூ தமிழில் அவள் 94 வாங்கியிருக்கிறாள் என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள், எனக்கு மொத்த மதிப்பெண்ணைவிட அதுதான் கண்ணில் பட்டது. நம் மேற்குப் பக்கத்து ஆட்களுக்கு மலையாளமும் புரியும் என்பதால், அந்த எழுத்தையும் சேர்த்துப் படித்துக்கொண்டால் மார்த்தாண்டத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேலை செய்யலாம்.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். முதல் வேலை பெரும்பாலும் பக்கத்தில்தான் கிடைக்கும், பிரஸ், போட்டோ ஸ்டூடியோ, பள்ளி, ஜவுளிக்கடையின் விளம்பரப் பிரிவு. சம்பளம் ஆரம்பத்தில் குறைவு, இதை மறைக்க மாட்டேன். நர்சிங் முடித்த சொந்தக்காரப் பிள்ளையோடு ஒப்பிட்டு முதல் இரண்டு வருடம் வீட்டில் பேசவே கூடாது, அந்தப் பேச்சுதான் பிள்ளைகளைப் பாதியில் விட வைக்கிறது. அதே நேரம் நம் மாவட்டத்திலேயே செய்யாமல் கிடக்கும் வேலையைப் பாருங்கள். மட்டி வாழைப்பழத்துக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, மார்த்தாண்டம் தேனுக்கும் கிடைத்திருக்கிறது, நாகர்கோவில் கோயில் நகைக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. இதில் எத்தனை பொருள் நல்ல லேபிளோடு, நல்ல பெட்டியோடு கடைக்கு வருகிறது? தேன் பாட்டிலைக் கையில் எடுத்தால் யார் எடுத்த தேன், எந்தப் பூவின் தேன் என்று ஒரு வரி இல்லை. இதையெல்லாம் செய்ய ஆள் வேண்டும், அந்த ஆள் இந்த ஊர்க்காரராக இருந்தால் நன்றாக இருக்கும். வெளியே என்றால் திருவனந்தபுரம் ரயிலில் போய் வரும் தூரம். அங்குள்ள டெக்னோபார்க் ஐடி வளாகத்தில் இணைய வடிவமைப்பு வேலையும் உண்டு, டூன்ஸ் மாதிரி அனிமேஷன் நிறுவனமும் அங்கே 1999லிருந்து இருக்கிறது.

டிஜிட்டல் ஆர்ட் பற்றி மட்டும் மகளிடம் நேராகச் சொல்கிறேன். மோளே, கதாபாத்திரம் வரைவது, கேமுக்குப் பின்னணி வரைவது, காமிக்ஸ் இதெல்லாம் ஒரு வருடத்தில் சோறு போடாது. அதற்கு நாலைந்து வருடக் கைப்பழக்கம் வேண்டும். கிராஃபிக் டிசைனில் சம்பாதித்துக்கொண்டே தினமும் அரை மணி நேரம் வரை, வடசேரி பஸ் ஸ்டாண்டில் காத்திருக்கும் ஆட்களை வரை, குளச்சலில் வலை பிரிப்பவர்களின் கையை வரை, தோவாளைச் சந்தையில் பூ கட்டும் விரலை வரை. ஏஐ இப்போது ஒரு நொடியில் படம் போட்டுவிடுகிறதே என்ற பயம் உனக்கு இருக்கும். சின்னச் சின்ன விளம்பர வேலைகள் அதனால் குறையத்தான் செய்யும், அதை இல்லை என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். ஆனால் பத்துப் படம் வந்து விழுந்த பிறகு அதில் எது சரி, எது நம் ஊர் முகம், எந்தப் படத்தில் தமிழ் எழுத்து கோணலாகிக் கிடக்கிறது என்று பார்க்கக் கண் வேண்டும். அந்தக் கண் வரைந்து வரைந்துதான் வரும்.

கணினி வாங்குவதில் அவசரம் வேண்டாம் அக்கா. சேர்ந்து இரண்டு மாதம் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யட்டும். அதற்குப் பிறகு வாங்கினால் 16 ஜிபி ராம் இருக்கிற மாதிரி பாருங்கள், திரை நிறம் சரியாகக் காட்டுகிறதா என்று மகளையே சோதிக்கச் சொல்லுங்கள். வரைவதற்கு ஐபேட் வேண்டும் என்று கேட்டால் இப்போது வேண்டாம், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் வருகிற பேனா டேப்லெட் போதும். கிரிட்டா, இங்க்ஸ்கேப், பிளெண்டர் மூன்றும் இலவசம், திருட்டு மென்பொருள் ஏற்றிக்கொடுக்கிறேன் என்று வருபவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள். ஒரு வருடம் முடியும்போது அவள் கையில் எட்டு வேலை இருக்க வேண்டும், அதில் பாதியாவது தமிழில், குறைந்தது இரண்டு வேலை நிஜமாக ஒருவர் காசு கொடுத்து வாங்கியதாக. உறவுக்காரர் கல்யாணப் பத்திரிகை என்றாலும் பாதிப் பணம் முன்பணமாக வாங்கிக்கொண்டுதான் செய்ய வேண்டும், இந்தப் பழக்கத்தை முதல் வேலையிலேயே தொடங்கட்டும்.

அவள் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை லீவு என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு வீடியோ காலில் நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அவர் பார்க்கும் ஏசி மெக்கானிக் வேலைக்கு ஒரு விசிட்டிங் கார்டு அவளைச் செய்யச் சொல்லுங்கள், அவர் பெயர் தமிழிலும் அரபியிலும் வருகிற மாதிரி. அரபி வலமிருந்து இடமாகப் போகும், தமிழ் இடமிருந்து வலமாக, இரண்டையும் ஒரு சின்ன அட்டையில் எப்படி உட்கார வைப்பது என்று அவள் ஒரு வாரம் முட்டி மோதட்டும். அந்த அட்டையைக் காட்டி, ஏன் இப்படி வைத்தேன் என்று அவளே அப்பாவிடம் விளக்கட்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். கல்லூரிக்குப் போகும் நாளும் சொல்லுங்கள், முடிந்தால் நானும் வருகிறேன்.